செவ்வாய்க்கிழமை யாரும் வீட்டில் இருக்கக் கூடாது

தோழர்களே!

இன்று சனிக்கிழமை, 2012 ஜூன் 2. நடுவே இரண்டே நாள். செவ்வாய்க்கிழமை விஸ்கான்சின் ஓட்டுப் போடுகிறது. ஆளுநர் ஸ்காட் வாக்கர் இருப்பாரா, இறங்குவாரா? அன்று இரவு தெரிந்துவிடும்.

இந்தத் தேர்தலை யாரும் நமக்குத் தானமாகத் தரவில்லை. நாம் கொண்டுவந்தோம். நவம்பர் பாதியிலிருந்து ஜனவரி பாதி வரை கடை வாசலில் நின்றோம். தேவாலய வாசலில் நின்றோம். சாலையோரம் அட்டையும் பேனாவுமாக நின்றோம். கார் கண்ணாடியை இறக்கினார்கள், கையுறையைக் கழற்றினார்கள், கையெழுத்துப் போட்டார்கள், மறுபடி மாட்டிக்கொண்டு போனார்கள். தேவைப்பட்டது 5,40,208 கையெழுத்து. அதிகாரிகள் சரிபார்த்துச் செல்லும் என்று ஏற்றுக்கொண்டது 9 லட்சத்துக்கும் மேல்.

இந்த நாட்டின் வரலாற்றில் ஓர் ஆளுநரைத் திரும்ப அழைக்கும் தேர்தல் வாக்குச்சீட்டு வரை வந்தது இதற்கு முன் இரண்டே முறை. 1921இல் வடக்கு டகோட்டா. 2003இல் கலிஃபோர்னியா. இரண்டு ஆளுநர்களும் வீட்டுக்குப் போனார்கள். மூன்றாவது தேர்தல் நம்முடையது.

அந்த 9 லட்சம் கைகள் செவ்வாய்க்கிழமை எங்கே இருக்கும்? வேறு கேள்வியே இல்லை தோழர்களே. அந்தக் கைகள் எங்கே இருக்கும்?

நடந்ததை மறக்காதீர்கள். ஒருநாளும் மறக்காதீர்கள்.

2011 பிப்ரவரி 11. வெள்ளிக்கிழமை. பட்ஜெட்டைச் சரிக்கட்டும் மசோதா என்று பெயர் வைத்து ஒன்றைக் கொண்டுவந்தார் வாக்கர். ஆசிரியர், செவிலியர், சிறைக் காவலர், பனி வண்டி ஓட்டுநர், பல்கலைக்கழகத்தில் கூட்டுகிறவர், எல்லார் கழுத்திலும் ஒரே கத்தி. அடிப்படைச் சம்பளம் தவிர வேறெதையும் பற்றிச் சங்கம் பேசக் கூடாது. அந்தச் சம்பளமும் விலைவாசிக்கு மேல் உயரக் கூடாது. வகுப்பில் எத்தனை பிள்ளைகள், வார்டில் எத்தனை செவிலியர், இரவுப் பணி யாருக்கு? பேசக் கூடாது. சந்தாவைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. ஆண்டுதோறும் ஓட்டெடுத்துச் சங்கம் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். அந்த ஓட்டுக்கு வராதவர்கூட எதிர்த்து வாக்களித்தவராகவே கணக்கில் வருவார்.

பணம்தான் பிரச்சினை என்றார்கள். பணமா? ஒரே வாரத்தில் நம் சங்கத் தலைவர்கள் எழுந்து சொன்னார்கள்: ஓய்வூதியத்துக்குக் கூடுதலாகத் தருகிறோம், மருத்துவக் காப்பீட்டுக்கும் தருகிறோம், பேசும் உரிமையை மட்டும் விட்டுவிடுங்கள். வாக்கர் மறுத்தார். அந்த நிமிடமே சாயம் வெளுத்துவிட்டது. அவருக்கு வேண்டியது நம் பணம் அல்ல. நம் வாய்.

இது எந்த மாநிலம் தோழர்களே? அரசு ஊழியருக்குக் கூட்டுப் பேர உரிமையைச் சட்டமாக்கிய முதல் மாநிலம். ஆண்டு 1959. இன்று நாடு முழுவதும் இருக்கும் அரசு ஊழியர் சம்மேளனம் 1932இல் முளைத்ததும் இதே மேடிசனில்தான். இங்கே முளைத்ததை இங்கேயே வேரோடு பிடுங்கிவிட்டால் மற்ற மாநிலங்களில் சொல்லவே வேண்டாம். அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நாம் சும்மா இருக்கவில்லை. சட்டமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தோம். பளிங்குத் தரையில் படுத்தோம். குவிமாடத்துக்குக் கீழே இரவும் பகலும் முரசு அடித்தோம். சுவரெல்லாம் கையால் எழுதிய அட்டைகள். அவற்றை ஒட்டிய நாடாவைப் பார்த்தீர்களா? நீல நாடா. பெயிண்டர்கள் பயன்படுத்துவது. உரித்தால் கறை விடாது. பளிங்குக்குச் சேதம் வந்துவிடக் கூடாது என்று தேடி வாங்கி வந்து ஒட்டினார்கள் நம் தோழர்கள். நம்மை ரவுடிகள் என்றவர்களிடம் அந்த நாடாவைப் பற்றிச் சொல்லுங்கள். எகிப்திலிருந்துகூட யாரோ பணம் கட்டிப் பக்கத்துத் தெரு பீட்சா கடையிலிருந்து நமக்குச் சாப்பாடு அனுப்பினார்கள். எகிப்திலிருந்து! அவர்கள் தெருவிலும் அப்போது நெருப்பு.

தீயணைப்பு வீரர்களைச் சட்டத்திலிருந்து விலக்கி வைத்திருந்தார் வாக்கர். அவர்களுக்கு ஓர் இழப்பும் இல்லை. பேசாமல் இருந்திருக்கலாம். இருந்தார்களா? பைப் வாத்தியம் முழங்க, சீருடையோடு, வரிசையாக உள்ளே வந்தார்கள். வந்தவர்களின் தலைவர் மேலன் மிட்சல். அந்த மிட்சல்தான் இன்று துணை ஆளுநர் பதவிக்கு ரெபெக்கா கிளீஃபிஷை எதிர்த்து நிற்கிறார். தனி ஓட்டு அது. மறந்துவிடாதீர்கள். ஆளுநருக்கு ஒன்று, துணை ஆளுநருக்கு ஒன்று.

நம்மோடு நின்ற 14 செனட்டர்கள் இல்லினாய்ஸ் எல்லை தாண்டிப் போய் ஓட்டெடுப்பையே நிறுத்தி வைத்தார்கள். மார்ச் 9 இரவு, இரண்டு மணி நேர அவகாசம்கூடத் தராமல், அவர்கள் இல்லாமலே நிறைவேற்றிவிட்டார்கள். மார்ச் 11இல் வாக்கர் கையெழுத்துப் போட்டார். மறுநாள் விவசாயிகள் டிராக்டர் ஓட்டிக்கொண்டு மேடிசனுக்குள் வந்தார்கள். ஒரு லட்சம் பேர் அந்தச் சதுக்கத்தில் நின்றோம்.

ஒரு லட்சம் பேர் நின்றால் போதாது. செவ்வாய்க்கிழமை பதினைந்து லட்சம் பேர் வேண்டும்.

தனியார் ஆலைத் தோழரே, உங்களிடம் ஒரு வார்த்தை. நேற்று மாலை வெஸ்ட் ஆலிஸில் ஒரு கதவைத் தட்டினோம். வெல்டர். தொப்பியில் சங்கச் சின்னம். கையெழுத்துப் போட்டேன், அதோடு என் வேலை முடிந்தது என்றார். அது அரசு ஊழியர் சண்டை, எனக்கேன் வம்பு என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து, நம் பிள்ளை பள்ளிக்கூடம் யாருடைய சண்டை என்று கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

அந்த வெல்டருக்கும் அவரைப் போன்ற ஆயிரமாயிரம் பேருக்கும் சொல்கிறோம். போன மாதம் வெளிவந்த காணொளியைப் பாருங்கள். 2011 ஜனவரி. பெலாய்ட். கோடீஸ்வரி டயேன் ஹென்ட்ரிக்ஸ் வாக்கரிடம் கேட்கிறார்: இந்தச் சங்கங்களைக் கவனித்து, இதை முழுக்கக் குடியரசுக் கட்சி மாநிலமாக்க முடியுமா? வாக்கர் சொல்கிற பதில்: முதல் படியாக அரசு ஊழியர் சங்கங்களைக் கவனிக்கப் போகிறோம், பிரித்து வெல்வதுதான் வழி. முதல் படி! அவர் வாயாலேயே வந்தது. முதல் படி நாங்கள் என்றால் அடுத்த படி யார் தோழரே? அந்த அம்மையார் பிறகு அவருக்குக் கொடுத்தது 5 லட்சம் டாலர்.

ஜேன்ஸ்வில்லில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 2008 டிசம்பரில் மூடியபோது அரசு ஊழியரைக் காட்டி, பார் உன் அண்டை வீட்டுக்காரன் சொகுசாக இருக்கிறான் என்றார்கள். உனக்குப் போனது அவனுக்கும் போகட்டும் என்று நினைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொள்ளாதீர்கள். உனக்குப் போனது உனக்குத் திரும்ப வேண்டும் என்று கேளுங்கள்.

வாக்கர் வாக்குக் கொடுத்தது இரண்டரை லட்சம் வேலை. எங்கே? மில்வாக்கிக்கும் மேடிசனுக்கும் ரயில் விட வாஷிங்டன் தந்த 81 கோடி டாலரை வேண்டாம் என்று தள்ளிவிட்டார். பள்ளிகளுக்கான பணத்தை வெட்டினார். சம வேலைக்குச் சம சம்பளம் கேட்டுப் பெண்கள் மாநில நீதிமன்றப் படி ஏற வழி செய்த சட்டத்தை இந்த ஏப்ரலில் அழித்தார். பெண் தோழர்களே, இதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வாருங்கள்.

எதிரில் நிற்பவர் டாம் பேரட். மில்வாக்கி மேயர். நம்மில் பலருக்கு அவர் முதல் விருப்பம் அல்ல. ஒளிக்க வேண்டாம். மே 8 முதல்நிலைத் தேர்தலில் நம் பெரிய சங்கங்கள் கேத்லீன் ஃபால்க் பக்கம் நின்றன. ஃபால்க் தோற்றார். பேரட் வென்றார். அந்தக் கணக்கை மூடுங்கள். இன்றே மூடுங்கள். பேரட்டிடம் சண்டை போட வேண்டியது நிறைய இருக்கிறது; போடுவோம். சண்டை போட நமக்கு ஒரு சங்கம் மிஞ்ச வேண்டும், அதற்காகத்தான் செவ்வாய்க்கிழமை.

அந்த மனிதரிடம் கோழைத்தனம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 2009 ஆகஸ்டில் மாநிலக் கண்காட்சியிலிருந்து குடும்பத்தோடு வெளியே வரும்போது, உதவி கேட்டு அலறிய ஒரு பெண்ணின் குரல் கேட்டது. முன்பின் தெரியாதவர். பேரட் குறுக்கே போனார். இரும்புக் கம்பியால் அடி வாங்கினார். கை உடைந்தது. அலறலைக் கேட்டும் நடந்து போயிருக்கலாம் அவர். போகவில்லை.

நாம் போகப் போகிறோமா?

பயம் என்கிறீர்களா? எதற்குப் பயம்? மனுவில் நீங்கள் போட்ட கையெழுத்தை அரசே இணையத்தில் ஏற்றிவிட்டது. முதலாளி பார்த்தாயிற்று. மைத்துனர் பார்த்தாயிற்று. மறைக்க இனி ஒன்றுமில்லை. ஓட்டுச்சீட்டு ஒன்றுதான் இன்னும் ரகசியம். வெளிச்சத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் திரை மறைவில் ஓட்டுப் போட அஞ்சலாமா?

தோற்றுவிட்டோம் என்கிறீர்களா? மார்க்வெட் பல்கலைக்கழகக் கருத்துக்கணிப்பு வாக்கர் ஏழு புள்ளி முன்னால் என்கிறது. யாரிடம் கேட்ட கணக்கு அது? கண்டிப்பாக ஓட்டுப் போட வருவார் என்று அவர்கள் கருதுகிறவர்களிடம். நீங்கள் வர மாட்டீர்கள் என்று எழுதிவிட்டார்கள் தோழரே! உங்கள் பெயரை வெட்டிவிட்டார்கள். வந்து காட்டுங்கள்.

2010ஐ நினையுங்கள். 2008இல் ஏறத்தாழ 30 லட்சம் பேர் ஓட்டுப் போட்ட மாநிலம் இது. 2010இல் 22 லட்சம்கூடத் தேறவில்லை. அன்று இதே வாக்கர் இதே பேரட்டை வென்றது சுமார் 1,25,000 ஓட்டில். 8 லட்சம் பேர் வீட்டில் இருந்தார்கள். ஒன்றேகால் லட்சத்தில் நாம் தோற்றோம். நாம் போடாத ஓட்டு அவரை உட்கார வைத்தது. நம் மௌனம் அவருக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தது.

அவர்களிடம் பணம் இருக்கிறது. வாக்கர் திரட்டியது 3 கோடி டாலர். பேரட்டிடம் அதில் ஏழில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். டிவியைப் போட்டால் அவர்கள் விளம்பரம், அணைத்தால் தொலைபேசியில் அவர்கள் குரல். நம்மிடம் கால்கள் இருக்கின்றன. கதவு கதவாகப் போகும் கால்கள்.

ஓஹாயோவைப் பாருங்கள். இதே போன்ற சட்டம். போன நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டு அதைக் கிழித்தெறிந்தார்கள். நூற்றுக்கு 61 பேர். அவர்களால் முடிந்தது.

நம் மண்ணையும் பாருங்கள். 1886 மே 5, மில்வாக்கியின் பே வியூ. எட்டு மணி நேர வேலை கேட்டு ஊரே நின்றுபோன நேரம். ஓர் இரும்பாலை மட்டும் ஓடியது. அதை நிறுத்தக் கேட்டு நடந்தவர்களில் பெரும்பாலோர் போலந்திலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். ஆளுநர் ஜெரிமையா ரஸ்க் அனுப்பிய படை சுட்டது. ஏழு பேர் விழுந்தார்கள். அவர்களில் ஒரு சிறுவனும் உண்டு. அவர்களிடம் ஆளுநரை இறக்கும் சீட்டு இல்லை. 1926இல்தான் இந்த மாநில அரசியல் சட்டத்தில் திரும்ப அழைக்கும் உரிமை ஏறியது. இன்று அது நம் கையில் இருக்கிறது. துப்பாக்கிக்கு முன்னால் நடந்தவர்களின் ஊரில், வாக்குச்சாவடி வாசல் வரை நடக்க யோசிக்கிறவர் யார்?

பல்கலைக்கழக ஆய்வகங்களில் இருக்கும் தமிழ்த் தோழர்களே! இங்கே ஆளுநர் டில்லியிலிருந்து அனுப்பப்படுகிறவர் அல்ல. மக்கள் ஓட்டுப் போட்டு உட்கார வைக்கிறார்கள், மக்களே இறக்குகிறார்கள். விசாவில் இருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை, தெரியும். நன்கொடையும் தரக் கூடாது. ஆனால் சம்பளம் வாங்காமல் உழைக்கலாம். கதவு தட்டலாம். முதியவர்களைக் காரில் ஏற்றிச் சாவடிக்குக் கொண்டுபோகலாம். நம் பயிற்றாசிரியர் சங்கம்தான் 2011 பிப்ரவரியில் முதலில் உள்ளே போய்ப் படுத்தது. நம் சங்கம். வாருங்கள்.

இனிப் பேச்சு வேண்டாம். வேலை.

பேருந்து நிறுத்தத்தில் பேசுங்கள். சர்ச் முடிந்து வருகிறவர்களிடம் பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சாப்பாட்டு மேசையில், யாரும் வாய் திறக்காத அந்த மேசையில், முதலில் நீங்கள் பேசுங்கள்.

புகைப்பட அட்டை இல்லை என்று யாராவது தயங்கினால் சொல்லுங்கள்: தேவையில்லை. அந்தச் சட்டத்தை நீதிமன்றம் நிறுத்தி வைத்திருக்கிறது. பெயர் பதியவில்லையா? சாவடியிலேயே பதியலாம். முகவரி காட்ட மின்கட்டண ரசீது, வங்கிக் கடிதம், வாடகை ஒப்பந்தம், ஏதாவது ஒன்று போதும். மாணவர்களே, மாநிலத்துக்குள்ளேயே வீடு மாறி 28 நாள் ஆகவில்லையா? பழைய முகவரிக்குப் போய்ப் போடுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்ட அறைத்தோழரை இன்றே கூப்பிடுங்கள்.

ரசீன் தோழர்களே, உங்களுக்குச் செனட் ஓட்டும் உண்டு. செனட்டில் இன்று இந்தப் பக்கம் 16, அந்தப் பக்கம் 16. ஓர் இடம் போதும். ஜான் லேமனைத் தூக்கி உள்ளே வையுங்கள்.

சாவடி காலை 7 மணிக்குத் திறக்கும். வேலைக்குப் போகும் முன் போடுங்கள். போட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். அடுத்த தெருவுக்குப் போங்கள். இரவு 8 மணிக்கு மூடும். 8 மணிக்கு வரிசையில் நிற்கிற எவருக்கும் ஓட்டு உண்டு, எத்தனை மணி ஆனாலும். வரிசை நீளமாக இருந்தால் தண்ணீர் கொண்டுபோங்கள், நாற்காலி கொண்டுபோங்கள், குழந்தையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவரையும் வரிசையை விட்டுப் போக விடாதீர்கள்!