ஆடிட்டருக்கும் ஒரு பொன்னாடை போடலாமே

செகண்ட் இயர் முடிந்த லீவில் ஆரம்பித்து ஒரு ஸ்டார்ட்அப்பில் மூன்று மாதம் இன்டர்ன்ஷிப் பண்ணினேன். மாதம் 15,000 என்று சொன்னார்கள். அக்கவுன்டில் விழுந்தது 13,500. ஏன் என்று மெயில் போட்டால் "டிடிஎஸ்" என்று ஒற்றை வார்த்தையில் ரிப்ளை. சரி, கவர்மென்டுக்குப் போன காசு போனதுதான் என்று விட்டுவிட்டேன். நான் மட்டும் இல்லை. நம் டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டுப் பார்த்தேன். இப்படி விட்டவர்கள் என்னோடு சேர்த்து பதினேழு பேர்.

ஒரு வருஷம் கழித்து, எங்கள் தெரு ஆடிட்டரிடம் அப்பாவின் பில் புக்கைக் கொடுக்கப் போனபோது பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"4,500 ரூபாயை விட்டுட்டுத்தான் வந்தீங்களா தம்பி? இஞ்சினியரிங் படிக்கிறீங்க, ரிட்டர்ன் போட்டா திரும்பி வருமுன்னு தெரியாதுங்களா?"

தெரியாதுங்க. பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் மீடியம், அப்புறம் நாலு வருஷம் இன்ஜினியரிங். லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம் தெரியும், ஃபார்ம் 26ஏஎஸ் தெரியாது. வருஷ வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால் பிடித்த டிடிஎஸ் முழுசும் ரீஃபண்டாக வரும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

வீட்டுக்கு வந்து யூடியூப் பார்த்து நானே ஐடிஆர்-1 ஃபில் பண்ணினேன். பெருமையாகக் காட்டினேன். "ஃபார்மே தப்புங்க" என்றார். கம்பெனிக்காரன் அந்தக் காசை எனக்குச் சம்பளமாகக் கொடுக்கவில்லை, புரொஃபஷனல் ஃபீஸ் என்று 194ஜே பிரிவில் காட்டியிருக்கிறான். அதற்கு ஐடிஆர்-1 செல்லாது, ஐடிஆர்-4 போட வேண்டும், இப்படியே அனுப்பினால் ரிட்டர்னில் குறை இருக்கிறது என்று நோட்டீஸ் வரலாம். இருபது நிமிஷத்தில் முடித்துக் கொடுத்தார். ஃபீஸ் கேட்டதற்கு, "ரீஃபண்ட் வரட்டும், பொறவு பார்த்துக்கலாம்" என்றார். மூன்று வாரத்தில் 4,500 வந்தது.

இந்தக் கட்டுரை அந்த 4,500-க்கு நன்றிக் கடிதம் இல்லை. அதற்குப் பிறகு கவனித்த ஒரு விஷயத்தைப் பற்றியது.

முதலில் ஒரு டிஸ்கி. எங்கள் தெரு ஆடிட்டர் உண்மையில் ஆடிட்டரே இல்லை. சி.ஏ. முடிக்கவில்லை. பி.காம். படித்துவிட்டு வரி பிராக்டிஷனராக இருப்பவர். "நான் ஆடிட்டர் இல்லீங்க" என்று அவரே இருபது வருஷமாகத் திருத்திப் பார்த்துவிட்டு ஓய்ந்துவிட்டார். கோயம்புத்தூரில் டேக்ஸ் பேப்பரைத் தொடுகிற எல்லாருமே ஆடிட்டர்தான். இனி நானும் அப்படியே சொல்கிறேன்.

எங்கள் அப்பா லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஜாப் வொர்க்தான், பெரிய கம்பெனிகளுக்கு. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபோது நான் ஸ்கூல் பையன். வீட்டில் ஏதோ சாவு விழுந்த மாதிரி இருந்தது என்பது மட்டும் ஞாபகம். அன்றிலிருந்து இன்றுவரை மாதம் தவறாமல் 10-ஆம் தேதி ராத்திரி அப்பாவுக்கு ஒரு போன் வரும். "ஏனுங்க, பில்லெல்லாம் அனுப்பிட்டீங்களா?" காரணம் இதுதான்: 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 போடவில்லை என்றால், அப்பா போட்ட பில்லுக்கான வரி கிரெடிட் வேலை கொடுத்த கம்பெனிக்கு அந்த மாதம் கிடைக்காது. கிடைக்கவில்லை என்றால் அவர்கள் பேமென்டை நிறுத்துவார்கள். பேமென்ட் நின்றால் பட்டறையில் இரண்டு பேருக்குச் சம்பளம் நிற்கும். என் செமஸ்டர் ஃபீஸும்தான். ஒரு போன் காலுக்கு இவ்வளவு சங்கிலி இருக்கிறது. போன் வருகிற வரைக்கும் யாருக்கும் தெரியாது. ஒரு மாதம் வராமல் போனால்தான் தெரியும்.

இப்போது எங்கள் சித்தப்பா கதை. மோட்டார் பம்ப் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். வருஷா வருஷம் இதே ஆடிட்டர்தான் ரிட்டர்ன் போடுவார். பெரிதாக ரீஃபண்ட் எதுவும் வராது. இரண்டு வருஷம் முன்னால் கம்பெனியில் யாரோ ஒரு ஏஜென்டைக் கூட்டி வந்தார்கள். ரீஃபண்ட் வாங்கித் தருவேன், வந்ததில் எனக்கு 15 சதவீதம், வரவில்லை என்றால் ஒரு பைசா வேண்டாம் என்று ஆஃபர். சித்தப்பா ஆடிட்டரிடம் வந்து, "அவங்கல்லாம் வாங்கித் தராங்க, உங்களால முடியாதுங்களா?" என்று கேட்டிருக்கிறார். "கட்டாத கடனுக்கும் கொடுக்காத நன்கொடைக்கும் என்னால எழுத முடியாதுங்க" என்று இவர் சொல்ல, ஆள் சாமர்த்தியம் பத்தாது என்று முடிவு கட்டி சித்தப்பா ஏஜென்டிடம் போய்விட்டார். 38,000 ரூபாய் ரீஃபண்டும் வந்தது. தீபாவளிக்கு எங்களுக்கெல்லாம் டிரெஸ் எடுத்துக் கொடுத்தார். நானும் வாங்கிப் போட்டுக்கொண்டேன், மறைக்க என்ன இருக்கிறது.

இந்த வருஷம் டிபார்ட்மென்டிலிருந்து மெசேஜ், நீங்கள் கேட்ட கழிவுகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று. எடுத்துப் பார்த்தால், சித்தப்பா பெயரில் அரசியல் கட்சிக்கு நன்கொடை! அவர் ஓட்டுப் போடவே லீவு கிடைக்காமல் அல்லாடுகிற ஆள். ஏஜென்ட் போன் சுவிட்ச் ஆஃப். சித்தப்பா தனி ஆளும் இல்லை. 2025 ஜூலையில் வருமான வரித்துறை நாடு முழுவதும் 150 இடங்களில் இந்த மாதிரிப் போலிக் கழிவு போட்டவர்களைச் சோதனை போட்டது. அதற்கு முந்தைய நான்கு மாதத்தில் மட்டும் சுமார் 40,000 பேர் தங்கள் ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் பொய்க் கழிவைத் திரும்பப் பெற்றிருப்பதாகத் துறையே அறிவித்தது. ஆதாரம் சிக்கிய மாநிலங்களின் பட்டியலில் தமிழ்நாடும் உண்டு.

கடைசியில் சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றது அதே மாடி ரூமில்தான். ஆடிட்டர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. நானாக இருந்தால் நிச்சயம் காட்டியிருப்பேன். அப்டேட்டட் ரிட்டர்ன் போட்டு, வாங்கின ரீஃபண்டையும் வட்டியையும் கட்டி, அதற்கு மேல் 25 சதவீதம் கூடுதல் வரியும் கட்டி வெளியே கொண்டுவந்தார். துறையே முந்திக்கொண்டு கேஸ் எடுத்திருந்தால் அபராதம் மட்டும் வரியைப் போல இரண்டு மடங்கு வரை போகுமாம். ஏஜென்டிடம் கொடுத்த 15 சதவீதம் போனது போனதுதான்.

நான் கவனித்த விஷயம் இதுதான். இந்தத் தொழிலில் நல்லவனாக இருந்தால் கஸ்டமர் போய்விடுவான். டாக்டர் நல்ல ஆப்பரேஷன் பண்ணினால் நோயாளி ஊரெல்லாம் சொல்வான். சிவில் இன்ஜினியர் கட்டின பாலம் கண் முன்னால் நிற்கும். வரி பிராக்டிஷனரின் நல்ல வேலை என்பது வராமல் போன நோட்டீஸ், எழுத மறுத்த ஒரு பொய். அதை யார் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பது? மார்க்கெட்டே இவர்களைக் கண்டுபிடித்து மேலே தூக்கும் என்று எதிர்பார்க்க முடியாது, சித்தப்பா விஷயத்தில் மார்க்கெட் ஏஜென்டைத்தான் தூக்கியது. தாங்களே சொல்லிக்கொள்ளலாம் என்றால் சி.ஏ.க்களுக்கு அதற்கும் கட்டுப்பாடு: விளம்பரம் கொடுத்து ஆள் பிடிப்பது 1949 சட்டத்திலேயே தொழில் ஒழுங்கு மீறல். பின்னால் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆக, வெளியில் இருக்கிற நாம்தான் சொல்ல வேண்டும்.

நாம் என்ன செய்கிறோம்? வரி கட்டுகிறவர்களுக்குச் சான்றிதழ் உண்டு. 2016 வாக்கில் ஆரம்பித்த திட்டம் அது. ஒரு கோடிக்கு மேல் கட்டினால் பிளாட்டினம், அப்புறம் கோல்டு, சில்வர், பிரான்ஸ் என்று கிரெடிட் கார்டு மாதிரியே. ஜூலை 24 வருமான வரி தினம், 1860-இல் ஜேம்ஸ் வில்சன் இந்த வரியை இங்கே கொண்டுவந்ததன் நினைவாக. ஜூலை 1 சி.ஏ. தினம். அன்றைக்கு மேடையேறுகிறவர்கள் பெரும்பாலும் பெரிய ஃபர்ம், பெரிய பதவி. மாடி ரூமில் பழைய பிரிண்டரோடு மல்லுக்கட்டுகிறவர்கள் ஆடியன்ஸில்கூட இருப்பதில்லை. ஜூலையில் அவர்களுக்கு நேரம் ஏது?

பெரியவர்களைப் பாராட்டக் கூடாது என்று சொல்ல வரவில்லை. நானி பல்கிவாலாவை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது வயதில், 1950-இல், ஜம்ஷெட்ஜி காங்காவோடு சேர்ந்து வருமான வரிச் சட்டம் பற்றி எழுதின புத்தகத்தை வக்கீல்கள் இன்றும் புரட்டுகிறார்கள். 1973 கேசவானந்த பாரதி வழக்கில் அரசியல் சட்டத்தின் அடிப்படையை மாற்ற முடியாது என்று வாதாடியவரும் அவரே. எனக்குப் பிடித்தது இவை இரண்டும் இல்லை. 1958-இல் மும்பையில் கிரீன்ஸ் ஹோட்டல் என்ற இடத்தில் ஒரு சின்ன ஹாலில் மத்திய பட்ஜெட்டை விளக்கிப் பேச ஆரம்பித்தார். வருஷா வருஷம் கூட்டம் ஏறி, ஹால் பத்தாமல், கடைசியில் பிரபோர்ன் கிரிக்கெட் ஸ்டேடியத்துக்கு மாற வேண்டியதாயிற்று. வரியைப் பற்றிக் கேட்க ஸ்டேடியம் நிறைய ஜனம்! நம் சிம்போசியத்துக்கு ஆடிட்டோரியம் நிரப்ப அட்டெண்டன்ஸ் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவருக்கு 1998-இல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். நியாயம். சாதாரண ஆளுக்கு வரியைப் புரிய வைத்ததும் அவர் செய்த சேவைதானே? அதையேதான் நம் தெருக்காரரும் ஒரு நேரத்தில் ஒரு ஆளுக்குச் செய்கிறார்.

அமெரிக்காவில் வழக்கறிஞர் சங்கத்தின் வரிப் பிரிவு இதற்கென்றே ஒரு விருது வைத்திருக்கிறது. ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வரி வழக்குப் பார்க்கிறவர்களுக்கு, ஜேனட் ஸ்ப்ராகென்ஸ் என்ற பேராசிரியை பெயரில். மாணவர்களை வைத்தே வரி கிளினிக் நடத்தியவர் அவர். இங்கே அப்படி ஒன்றை ஆரம்பிக்க வாஷிங்டன் வரை போக வேண்டியதில்லை.

இதை ரூமில் சொன்னபோது ஒருத்தன் கேட்டான்: "மச்சி, அவர் ஃபீஸ் வாங்கிட்டுத்தானே பண்றார், அதுக்கு எதுக்குடா அவார்டு?" சம்பளம் வாங்காமலா ஆசிரியர்களுக்கு நல்லாசிரியர் விருது கொடுக்கிறோம்? இன்னொருத்தன் கேட்டதுதான் சரியான கேள்வி. இப்போதெல்லாம் காசு கட்டினால் டாக்டர் பட்டமே வீட்டுக்கு வருகிறது, இதுவும் அப்படி ஆகாதா? ஆகும், அவர்களையே விண்ணப்பம் போடச் சொன்னால். விண்ணப்பமே வேண்டாம். அவரிடம் ரிட்டர்ன் போட்டவர்கள் சொல்லட்டும். எத்தனை கோடி டர்ன்ஓவர் பார்த்தார் என்று கேட்காமல், எத்தனை பேரை "இது வேண்டாங்க" என்று திருப்பி அனுப்பினார் என்று கேட்போம். கூட வேலை பார்க்கிற பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கிறாரா, இல்லை டேட்டா என்ட்ரியிலேயே வைத்திருக்கிறாரா என்றும் கேட்கலாம்.

எங்கள் ஹாஸ்டல் செக்யூரிட்டி அண்ணா ஒருவர் இருக்கிறார். பழைய கான்ட்ராக்டரிடமிருந்து மாறும்போது பி.எஃப். பணம் 64,000 எடுத்தார். ஐந்து வருஷம் சர்வீஸ் ஆகாததால் 10 சதவீதம், 6,400, டிடிஎஸ். ஆடிட்டரிடம் கூட்டிப் போனேன். ரிட்டர்ன் போடுவது சுலபமாக முடிந்தது, இழுத்தது பெயர். பேங்கில் இனிஷியலோடு ஒரு பெயர், பேன் கார்டில் அப்பா பெயரை சர்நேம் ஆக்கி இன்னொரு பெயர். இரண்டும் பொருந்தாமல் ரீஃபண்ட் போகிற அக்கவுன்ட் வேலிடேட் ஆகவில்லை. சர்நேம் இல்லாத தமிழனுக்கு அந்த ஃபார்மில் இடமே கிடையாது போல. ஆடிட்டர் மூன்று தடவை உட்கார்ந்து சரி பண்ணினார். அண்ணாவிடம் வாங்கிய ஃபீஸ் ஒரு டீ. கூட எனக்கும் ஒன்று.

2026 ஏப்ரல் 1 முதல் 1961 சட்டம் போய், புது வருமான வரிச் சட்டம் அமலுக்கு வருகிறது. பிரிவு எண்கள் எல்லாம் மாறும். அசெஸ்மென்ட் இயர் என்ற சொல்லே போய் டேக்ஸ் இயர் ஆகிறது. அதை நம் அப்பாக்களுக்குப் புரிய வைக்கப் போகிறவர்கள் இந்த மாடி ரூம்காரர்கள்தான். அதற்குள் நாம் ஒன்று செய்யலாம். ஒவ்வொரு சிம்போசியத்துக்கும் கம்பெனி எச்.ஆர்-களை அழைத்துப் பொன்னாடை போடுகிறோமே, இந்த முறை ஒரு நாற்காலி வரி பிராக்டிஷனருக்கு. அப்படியே சாயங்காலம் லைப்ரரி ஹாலில் ஒரு டேபிள்: மெஸ் அக்காக்கள், செக்யூரிட்டி அண்ணாக்கள், டிடிஎஸ்ஸை விட்டுவிட்ட அந்தப் பதினேழு பேர். ஸ்கேன் பண்ணுவது, போர்ட்டலில் லாகின் போட்டுக் கொடுப்பது நம் வேலை. எந்த ஃபார்ம் என்று சொல்வது அவர் வேலை.

போன வாரம் ஆடிட்டரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "பொன்னாடையெல்லாம் எதுக்குங்க தம்பி. ரிட்டர்ன் போட்ட பொறவு ஓடிபி வர்ற போன் நம்பரை மாத்தாம இருந்தாப் போதும்." அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எந்த மாசமுங்க ஃபங்ஷன்? 10-ஆம் தேதி மட்டும் வேண்டாமுங்க" என்றார்.

சிம்போசியம் கமிட்டிக்கு மார்ச் 14 என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் ஊர் ஆடிட்டர் பெயரை அனுப்ப, நம் குரூப்பில் பின் பண்ணியிருக்கிற ஷீட்டைத் திறங்கள். ஒரே ஒரு காலம்தான்: அவர் உங்களுக்கு என்ன மறுத்தார்?