மெத்தென்ற செருப்பு மட்டும் போதாது

செருப்புக் கடைக்குச் செல்லும் சர்க்கரை நோயாளி முதலில் செய்வது, காலணியின் உட்பரப்பைப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பதுதான். எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. கடைக்காரரும் மெத்தை போன்ற ஒன்றை எடுத்துக் கொடுத்து, 'இது சுகருக்கு நல்லது' என்கிறார். இந்த எண்ணத்தில் பாதி உண்மைதான் உள்ளது என்பது என் கருத்து. நரம்பு பாதிக்கப்பட்டவரின் காலணிக்கு இரண்டு கடமைகள் உண்டு. உள்ளங்காலைப் புண்ணிலிருந்து காக்க வேண்டும். நடப்பவரை விழாமலும் காக்க வேண்டும். முதற்கடமையைப் பற்றி மருத்துவமனைகள் நிறையப் பேசுகின்றன. இரண்டாவதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

நீரிழிவு பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருக்கும்போது, மிக நீளமான நரம்புகளே முதலில் பழுதாகின்றன. அதனால்தான் தொல்லை கால்விரல் நுனியில் தொடங்கி மேலேறுகிறது. வலியும் சூடும் தெரியாமல் போவதைப் பலரும் அறிவர். ஆனால் அதே நரம்புகள் இன்னொரு செய்தியையும் மூளைக்கு அனுப்பிக்கொண்டிருந்தன: பாதம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது, தரை சமமா சரிவா என்ற செய்தி. அது மங்கும்போது மனிதர் கண்ணை நம்பி நடக்கத் தொடங்குகிறார். பகலில் ஒரு குறையும் தெரியாது. இரவில் மின்சாரம் போனால் தடுமாறுவார். முகத்தில் சோப்புப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினால் குளியலறைச் சுவரைத் தேடுவார். கண்ணை மூடி நிற்கச் சொல்லித் தள்ளாட்டத்தைக் கவனிக்கும் சோதனைக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவர் ராம்பர்க்கின் பெயர் இன்றும் வழங்குகிறது. 'பஞ்சின் மேல் நடப்பது போல இருக்கிறது', 'செருப்பு கழன்றதே தெரியவில்லை, நாலு அடி தள்ளிப் போய்த்தான் பார்த்தேன்' என்று நோயாளிகள் சொல்வதும் இதே குறையைத்தான்.

உணர்விழந்த பாதத்திற்குச் செருப்புச் செய்யும் அறிவு வெளிநாட்டிலிருந்து நமக்கு வந்ததன்று. பெரிதும் நம் மாநிலத்திலேயே வளர்ந்தது. 1914-இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். தொழுநோயாளிகளின் கால்கள் அழுகுவதற்குக் கிருமியே நேரடிக் காரணம் என்று கருதப்பட்ட காலம் அது. வலி தெரியாததால் அதே இடத்தில் மீண்டும் மீண்டும் மிதித்து நடப்பதே புண்ணுக்குக் காரணம் என்று அவரும் அவருடன் பணியாற்றியோரும் காட்டினர். வேலூரை அடுத்த காரிகிரியிலும் இப்பணி தொடர்ந்தது. நுண்துளைகள் கொண்ட மைக்ரோ செல்லுலார் ரப்பர், அதாவது நாம் எம்.சி.ஆர். என்று சொல்லும் பொருள், செருப்பின் உட்தளமாக வந்தது அம்முயற்சியின் பயன். 1966-இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் நகருக்குச் சென்றபின், அங்கே நீரிழிவு நோயாளிகளின் பாதத்திலும் அதே அழிவைக் கண்டு அதே வழியைப் பயன்படுத்தினார். சென்னை ராயபுரம் நீரிழிவு மருத்துவமனையினர் 2004-இல் வெளியிட்ட ஆய்விலும், தகுந்த உட்தளம் உள்ள காலணி அணிந்தவர்களை விடத் தத்தம் பழைய செருப்பையே அணிந்தவர்களுக்குப் புதுப் புண்கள் பன்மடங்கு அதிகமாக வந்தன. ஆகவே மென்மை வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் எம்.சி.ஆர். செருப்பை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். மென்மையான தளத்துக்குக் கீழே கடினமான அடித்தளம் ஒன்று இருக்கும். முள்ளும் ஆணியும் ஏறாமல் தடுப்பது அதன் வேலை. நிற்பவருக்கு உறுதியான பிடிமானம் தருவதும் அதுவே. இன்று கடைகளில் 'டயபெட்டிக் செருப்பு' என்று விற்கும் சிலவற்றில் மேலிருந்து கீழ்வரை ஒரே பஞ்சுதான். 1992-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் முதியவர்களை ஒடுக்கமான மரச்சட்டத்தின் மேல் நடக்கவைத்து ஆராய்ந்தபோது, தடித்த மென்மையான அடி கொண்ட காலணியில் அதிகம் தடுமாறினர். மெல்லிய கடின அடியில் நிலையாக நடந்தனர். பாதத்திலிருந்து வரும் செய்தி ஏற்கெனவே மங்கியிருப்பவருக்கு நான்கு விரற்கடை பஞ்சைக் கொடுப்பது, காது மந்தமானவரின் காதில் பஞ்சை அடைப்பதைப் போன்றது. மெல்லிய அடியை அவருக்குப் பரிந்துரைக்கவும் முடியாது, புண் வந்துவிடும். ஆகவே அளவான மென்மை, அதன் கீழ் அகன்ற உறுதியான அடி என்ற சமரசமே சரி. தொட்டில் போல் வளைந்த அடி கொண்ட காலணியை மருத்துவர் சிலருக்கு முன்பாதப் புண் ஆறுவதற்காகத் தருவார். அது அழுத்தத்தைக் குறைப்பது உண்மை. ஆனால் பழகும்வரை தடுமாற்றம் தரும். முதல் சில வாரங்கள் கைத்தடியோ துணையோ இன்றி நடக்க வேண்டாம்.

வார்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். விரலிடுக்கில் வார் செல்லும் ஹவாய்ச் செருப்பு இவர்களுக்கு ஆகவே ஆகாது. அது கழலாமலிருக்க விரல்கள் இடைவிடாமல் பற்றிக்கொள்ள வேண்டும். அந்தப் பிடிதான் இவர்களிடம் போய்விட்டதே! குதிகாலைச் சுற்றிப் பின்வார், மேலே இறுக்கிக்கொள்ள ஒட்டுப்பட்டை, கால் வீங்கும் மாலை நேரத்தில் அளவு பார்த்தல், நீண்ட விரலுக்கு முன்னால் ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் இடம் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

இனி நம் ஊர் வழக்கத்துக்கு வருகிறேன். நிலக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் மல்லிகை மொட்டுப் பறிப்பவர்கள் விடியுமுன்பே தோட்டத்தில் இறங்குகிறார்கள். இருட்டு, ஈரம், வரப்பு, பெரும்பாலும் வெறுங்கால். சர்க்கரை நோயால் உணர்விழந்தவருக்கு இதைவிட இடர் மிகுந்த நேரம் வேறில்லை. முள்ளும் தெரியாது, சரிவும் தெரியாது. பூச்சந்தைக்கு நேரத்தில் மூட்டை போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் எனக்குப் புரிகிறது. தலையில் கட்டும் விளக்கும் பின்வார் வைத்த செருப்பும் இல்லாமல் அவரை அனுப்பாதீர்கள் என்று குடும்பத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டு நிலைப்படி அடுத்த தடை. அமெரிக்க ஆய்வொன்றில், புண் வரும் அபாயமுள்ள நோயாளிகள் வெளியில் நடந்ததைவிட வீட்டுக்குள்தான் அதிக அடிகள் நடந்திருந்தனர். ஆனால் வீட்டுக்குள் காலணி அணிந்தவர்களோ மிகச் சிலர். செருப்பை வாசலில் விடும் நம் வீடுகளில் நிலைமை இதைவிட மேலாக இருக்க வழியில்லை. பாதநோய்க்கான பன்னாட்டு வழிகாட்டுதலும், வெறுங்காலுடனோ வெறும் காலுறையுடனோ வீட்டிலும் நடக்க வேண்டாம் என்றே கூறுகிறது. வழுவழுப்பான டைல்ஸ் தரையில் வெறும் காலுறை வழுக்கியும் விடும். வாசலுக்கு ஒன்று, வீட்டுக்குள் மட்டும் அணியக் கழுவித் துடைத்த இன்னொன்று என வைத்துக்கொண்டால் ஆசாரமும் கெடாது. 'அடுப்படிக்குள் செருப்பா?' என்று கேட்கும் பாட்டிக்கு, அது மருந்துச் சீட்டில் எழுதிய மருந்து என்று எடுத்துச் சொல்லுங்கள்.

கோயில் சற்றுக் கடினமான கேள்வி. நண்பகல் வெயிலில் கற்றளம் கொதிக்கும். பாதம் கொப்புளித்த பிறகே தெரியவரும். அதிகாலையிலோ மாலையிலோ சென்று வரலாம். பழனிக்கு வெறுங்காலுடன் பாதயாத்திரை செல்வதையும் பூக்குழி இறங்குவதையும் உணர்விழந்த காலுடையவர் கைவிட வேண்டும் என்றே சொல்வேன். நேர்த்திக்கடனை வேறு வகையில் செலுத்த வழியிருக்கிறது. வெட்டிய காலை மீட்க வழியில்லை.

சிலர் எம்.சி.ஆர். செருப்பை வாங்கி மூலையில் போட்டுவிடுகிறார்கள். 'அந்த நோய்க்காரர் செருப்பு' என்று ஊரார் நினைப்பார்களோ என்ற கூச்சமே காரணம். தொழுநோயாளிகளுக்கும் இதே துன்பம் இருந்தது. செருப்பே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. இந்தக் கூச்சத்தைப் பிடிவாதம் என்று கண்டிப்பதில் பயனில்லை. கண்ணுக்கு அழகான மேல்வார்களைத் தைத்துக் கொடுப்பதே மருந்து. அணியப்படாத செருப்பு எவ்வளவு துல்லியமாகச் செய்யப்பட்டிருந்தாலும் வீண்செலவு.

எங்களைப் போன்ற மருத்துவமனைகளிடமும் ஒன்று கேட்கிறேன். காலணியை அளந்து கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறோம். கொடுக்குமுன் அதை அணிந்தபடி பத்து அடி நடந்து, திரும்பி, ஒரு படி ஏறி இறங்கச் செய்து பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. தள்ளாட்டம் தெரிந்தால் இயன்முறை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குதல், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுதல் முதலிய எளிய பயிற்சிகள் கால் தசைக்கு வலுவூட்டும். பாதத்தில் புண் இருப்பவர் மட்டும் கேட்டுக்கொண்டு செய்யட்டும். கைத்தடியைக் கௌரவக் குறைவாக நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: எடையைச் சாய்க்காமல் விரல் நுனியால் சுவரையோ தடியையோ தொட்டிருந்தாலே தள்ளாட்டம் குறைகிறது. மங்கிய பாதத்தின் வேலையில் ஒரு பங்கை விரல் ஏற்றுக்கொள்கிறது. படுக்கையிலிருந்து எழுந்ததும் தலை சுற்றுகிறது என்றால் அது காலணியால் தீராது. இரத்த அழுத்தத்தைப் படுத்தும் நின்றும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த முறை வரும்போது புதுச் செருப்புடன் பழைய செருப்பையும் ஒரு பையில் எடுத்து வாருங்கள். எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது, உட்தளத்தில் எந்த இடம் குழிந்திருக்கிறது என்று பார்த்தால், எந்த இடத்தில் அழுத்தம் அதிகம், எந்தப் பக்கம் சாய்ந்து நடக்கிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரிந்துவிடும்.