எட்டு கோர் இருந்தால் போதுமா?

புது போன் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். விற்கிற பையன், "எட்டு கோர் சார், எந்த வேலையும் லேட்டே ஆகாது" என்றான். அரசு அலுவலகத்தில் எழுத்தராக முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவனிடம் இப்படிச் சொல்லலாமா? ஆள் கூடினால் வேலை நேரத்துக்கு முடியும் என்பவர்களை எங்கள் பிரிவில் ஒரு வாரம் உட்கார வைத்திருக்க வேண்டும்.

என் பேரன் பெங்களூரில் கார்களுக்கு மென்பொருள் எழுதுகிறான். அவனிடம் இதைச் சொன்னேன். "தாத்தா, நீங்க சொல்றதுக்குக் கணக்கே இருக்கு" என்று ஆரம்பித்தவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் விளக்கினான். எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன்.

நான் பிரெஞ்சில் படித்தவன். பிரெஞ்சில் கம்ப்யூட்டருக்கு 'ஒர்தினத்தர்' என்று பெயர். 1955இல் ஐ.பி.எம். நிறுவனம் கேட்டதற்காக ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் சொல்லிக் கொடுத்த சொல். ஒழுங்குபடுத்துபவன் என்று பொருள். எந்த வேலை எப்போது என்று வரிசை போடுவதற்கு 'ஒர்தொனான்ஸ்மான்' என்பார்கள். பணம் கொடுக்க உத்தரவு போடுவதற்கும் அங்கே அதே சொல்தான். பில் பார்த்தே காலம் தள்ளிய எனக்கு இதில் ஒரு சந்தோஷம்.

சில வேலைகளுக்குக் கெடு உண்டு. பிரேக்கை மிதித்தால் இத்தனை மில்லி செகண்டுக்குள் கணக்கு முடிய வேண்டும். சராசரியாக வேகம் என்பது அங்கே செல்லாது. ஒரு தடவை தவறினாலும் தவறியதுதான்.

1966இல் பெல் ஆய்வகத்தின் ரொனால்டு கிரஹாம், கூடுதல் கை சேர்த்தால் வேலை தாமதமாகலாம் என்று காட்டினார். அவருடைய உதாரணத்தில் ஒன்பது வேலைகள். மூன்று பேர் செய்தால் 12 நேர அலகில் முடிகிறது. நான்காவது ஆளைச் சேர்த்தால் 15! புது ஆள் வந்ததால் சில வேலைகள் முன்னதாகவே கிளம்பி எல்லோரையும் பிடித்துக்கொள்கின்றன. 9 அலகு பிடிக்கும் நீண்ட வேலை 3இல் தொடங்கியிருக்க வேண்டியது, 6இல்தான் தொடங்குகிறது.

என்னை உலுக்கியது இன்னொரு கணக்கு. 1978இல் சுதர்சன் தாலும் சி. எல். லியூவும் எழுதியது. எண்களை நம் வசதிக்கு நான் போட்டுக்கொள்கிறேன். இரண்டு எழுத்தர்கள். 10 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு சின்ன வேலைகள் வரும், ஒவ்வொன்றுக்கும் 2 நிமிடம் போதும். 11 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு பெரிய வேலை வரும், அதற்கு 10 நிமிடம். அடுத்தது வருவதற்குள் முந்தியது முடிய வேண்டும். எல்லாம் பொதுக் குவியலில் கிடக்கும், கெடு நெருங்கியதை முதலில் எடு என்பது விதி. நியாயமான விதிதானே? இரண்டு பேரும் சின்ன வேலைகளை எடுப்பார்கள். பெரியது இரண்டாவது நிமிடத்தில் தொடங்கி 12இல் முடியும். கெடுவோ 11. அதைவிடக் கொடுமை, ஒருவர் அதைச் செய்துகொண்டிருக்கும்போது மற்றவர் பத்தாவது நிமிடம் வரை சும்மா இருக்கிறார்! பெரியதை ஒருவருக்கே ஒதுக்கிவிட்டால் எதுவும் தவறாது.

பேரன் இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு கோப்பு ஞாபகம் வந்தது. ஒரு விதவையின் குடும்ப ஓய்வூதியம். பழைய சர்வீஸ் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்துக் கணக்குப் போட முழுதாக இரண்டு நாள் வேண்டும். நானும் இன்னொருவரும் அந்தப் பிரிவில். தினமும் காலையில் 'இன்றே' என்று சிவப்பு மையில் எழுதிய தபால்கள் வரும். சிறியவை, அரை மணி வேலை. இருவரும் அவற்றையே எடுப்போம். மதியம் டீ குடிக்கவும் நேரம் இருந்தது. அந்தக் கோப்பு பதினோரு மாதம் அலமாரியில் கிடந்தது. அந்த அம்மாள் வாசலில் நின்று, "இன்னும் வரலிங்களா?" என்று கேட்பார். ஆள் பற்றாக்குறை என்று நான் பதில் சொன்னேன். அது பொய் என்று அன்று எனக்குத் தெரியாது.

ஒதுக்கிவிடுவதிலும் குறை உண்டு என்றான் பேரன். தலா ஒருவரின் நேரத்தில் பாதிக்குச் சற்று மேல் பிடிக்கும் மூன்று வேலைகளை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுக்கவே முடியாது, இருவருக்கும் நேரம் மிச்சமிருந்தாலும். எல்லா வேலையையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றிச் செய்து நேரத்தை முழுக்கப் பயன்படுத்தும் முறையை 1990களில் கண்டுபிடித்திருக்கிறார்களாம். நிமிடத்துக்கு ஒரு கோப்பை மூடி இன்னொன்றைத் திறக்கச் சொன்னால் நான் ராஜினாமா செய்திருப்பேன். கம்ப்யூட்டருக்கும் அந்த மாற்றத்தில் நேரம் போகத்தான் செய்கிறது. இதுபோக, எத்தனை கோர் இருந்தாலும் நினைவகத்துக்குப் போகும் வழி பொது. எட்டு எழுத்தர்களுக்கு ஒரே பீரோ சாவி!

என் கட்சி ஒதுக்குவதுதான். கொஞ்ச நேரம் வீணாகட்டும், கெடு தவறக்கூடாத வேலைக்கு அதற்கென்று ஓர் ஆள் இருக்கட்டும். கார்க்காரர்களின் ஆட்டோசார் என்ற தரநிலையிலும் எந்த வேலை எந்த கோரில் என்று முன்கூட்டியே கட்டிப்போட்டு விடுகிறார்களாம்.

அந்த அம்மாளுக்கும் அப்படித்தான் நடந்தது. புதிதாக வந்த சூப்பரிண்டெண்டெண்ட் கோப்பை என் மேசையில் வைத்து, "இது முடியும்வரை உமக்குத் தபால் கிடையாது" என்றார். மூன்றாம் நாள் கையெழுத்துக்குப் போய்விட்டது.