ஒரு போத்தல் ஒயிலும் ஒரு சிறு குச்சியும்

கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்திற்குச் செவ்வாய்க்கிழமைகளில் வருவோர் தொகை மிகுதி. அன்று அயல் வீதிகளில் நெருக்கி நிறுத்தப்பட்டிருக்கும் மோட்டார் சைக்கிள்களை நோக்குவோர்க்கு, இவ்வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றின் சீவனம் எதன்மீது ஓடுகின்றது என்பது எளிதில் விளங்கும். பாடசாலைப் பிள்ளையையும் கடைப் பொதியையும் அந்த இரண்டு சில்லுகளே சுமக்கின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்படும் வரை, பழுதான வண்டிக்குப் பதிலாகப் புதியதொன்று வாங்குதல் எத்துணை அரிதாயிற்று என்பதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எஞ்சினைப் பேணிக் காத்தவர் பிழைத்தார். காவாதவர் பஞ்சிகாவத்தைக் கடைகளில் உதிரிப் பாகம் தேடி அலைந்தார்.

எஞ்சினைப் பேணுதல் என்றதும் ஒயில் மாற்றுவதையே அனைவரும் கூறுவர். மாற்றவும் செய்கின்றனர். ஆனால் மாற்றிய பின்னர் அளவு பார்ப்பவர் நூற்றுக்கு எத்தனை பேர்? "ஒரு போத்தல் ஊற்றியாயிற்று, இனி என்ன?" என்று எழுந்துவிடுவதே வழக்கமாயுள்ளது. இன்று நாம் சொல்ல விரும்புவது அந்த "இனி என்ன" என்பதைப் பற்றியே.

போத்தலின் அளவை நிர்ணயித்தவர் ஒயில் வியாபாரி. எஞ்சினின் அளவை நிர்ணயித்தவர் அதனைச் செய்தவர். இரண்டும் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்ற நியதி இல்லை. வண்டியுடன் வரும் கைந்நூலைப் புரட்டினால் பெரும்பாலும் இரண்டு அளவுகள் காணப்படும். ஒன்று, எஞ்சினை முற்றாகக் கழற்றிப் பூட்டியபின் ஊற்ற வேண்டியது; மற்றையது, பழைய ஒயிலை வடித்தபின் ஊற்ற வேண்டியது. பின்னது சற்றுக் குறைவு. எவ்வளவு நேரம் வடித்தாலும் கிளட்ச் அறையிலும் பற்சக்கரங்களின் இடுக்கிலும் சிறிது ஒயில் தங்கியே இருக்கும் என்பதே காரணம். இதனை அறியாதவர் பெரிய இலக்கத்தைப் பார்த்து ஊற்றிவிடுகின்றனர்.

ஊற்றிய உடனே குச்சியை இட்டுப் பார்ப்பதும் சரியன்று. புதிய வடிகட்டி பூட்டப்பட்டிருந்தால் அது வெறுமையாக இருக்கும். ஒயில் செல்லும் வழிகளும் இன்னும் நிரம்பியிரா. ஆதலால் அப்போது குச்சி காட்டும் அளவு உண்மையினும் கூடியதாகவே இருக்கும். எஞ்சினைச் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்திருந்து, அதன் பின்னரே பார்த்தல் வேண்டும். குச்சியைத் துணியால் துடைத்து மீண்டும் இடுக. சில வண்டிகளில் அதனைத் திருகாமல் வாயின்மீது வெறுமனே வைத்துப் பார்க்கவேண்டும். வேறு சிலவற்றில் திருகிப் பார்க்கவேண்டும். இதில் கைந்நூலையன்றி அடுத்த வீட்டுக்காரரை நம்பற்க.

குச்சிக்குப் பதிலாகச் சிறு கண்ணாடி பதித்த வண்டிகளில் வேறொரு மயக்கம் உண்டு. புது ஒயில் மிகத் தெளிவாயிருப்பதால் கண்ணாடி நிறைந்திருக்கின்றதா, வெறுமையா என்பதே தெரியாது. வண்டியை மெல்ல அசைத்தால் ஒயிலின் விளிம்பு ஆடிக் காட்டிக்கொடுத்துவிடும்.

வண்டி நிமிர்ந்து நிற்றல் இன்றியமையாதது. பக்கத் தாங்கியில் நிறுத்தினால் அது இடப்புறம் சாயும். குச்சியோ கண்ணாடியோ பெரும்பாலும் வலப்புறத்திலேயே இருக்கும். ஒயில் முழுவதும் இடப்புறம் ஒதுங்க, வலப்புறம் குறைவாகத் தோன்றும். "குறைந்துவிட்டதே!" என்று மேலும் ஊற்றுவார்கள். பௌதிகம் பயிலும் மாணவர்கள், சாய்த்த கிண்ணத்து நீரைக் கொண்டு இதனை வீட்டாருக்கு விளக்கிக் காட்டலாம்.

இத்தகைய மயக்கத்திற்குப் பேர்போன வண்டி ஒன்றுண்டு. சென்னைக்கு வடபாலுள்ள திருவொற்றியூரிலிருந்து வந்த என்ஃபீல்ட் புல்லட்டே அது. 1955 இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார் இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து ரோயல் என்ஃபீல்டுடன் கூடி என்ஃபீல்ட் இந்தியாவை அமைத்தனர். அவ்வண்டியின் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினில், ஒயிலுக்கென எஞ்சின் உடலுக்குள்ளேயே தனி அறை உண்டு. ஒரு பம்பு அங்கிருந்து ஒயிலை அனுப்ப, மற்றொன்று திருப்பிக் கொணரும். வண்டி நாட்கணக்கில் நின்றால் ஒயில் மெல்லக் கசிந்து சுழல் சக்கர அறைக்குள் இறங்கிவிடும். அவ்வேளை குச்சியை எடுத்துப் பார்ப்பவருக்கு ஒயில் காணாமற்போனதாகவே தோன்றும். அவர் அரை லீற்றரைச் சேர்ப்பார். எஞ்சின் ஓடியதும் கீழிறங்கிய ஒயிலும் அறைக்குத் திரும்ப, மிகையானது சுவாசக் குழாய் வழியே வெளியேறி வண்டியையும் நிலத்தையும் நனைக்கும். புல்லட் ஒயில் ஒழுக்கும் என்ற அபகீர்த்தியில் ஒரு பங்கு, அதன் சொந்தக்காரரைச் சேரவேண்டியது என்பது நமது அபிப்பிராயம்.

மிகை தீங்கற்றது என எண்ணுவோர் பலர். குறைந்தால் என்ன நேரும் என்பது யாவரும் அறிந்ததே: பம்பு காற்றை இழுக்கும், உலோகம் உலோகத்தோடு உராயும். கூடினாலோ, சுழலும் தண்டு ஒயிலை அடித்து நுரையாக்குகின்றது. நுரையில் பாதி காற்று. காற்று தேய்வைத் தடுக்குமா? மிகுந்த ஒயில் காற்று வடிகட்டியையும் நனைத்து, புகைபோக்கியில் நீலப் புகையாக வெளிப்படும். அமுக்கம் கூடி அடைப்பு வளையங்களும் கசியத் தொடங்கும்.

காருக்கு மூன்று நான்கு லீற்றர் வேண்டும். சிறிய மோட்டார் சைக்கிளுக்கோ ஏறத்தாழ ஒரு லீற்றரே. அந்த ஒன்றே எஞ்சினுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும் பொது. காரில் 200 மில்லிலீற்றர் கூடினும் குறையினும் பெரிதில்லை. இங்கு அது ஐந்தில் ஒரு பங்கு.

அளவு கூடியிருப்பின் வெட்கப்பட வேண்டியதில்லை. மருந்துக்கடையில் வாங்கும் ஊசியற்ற சிறிஞ்சொன்றில் மெல்லிய குழாயைச் செருகி மிகையை உறிஞ்சி எடுக்கலாம். குறைந்திருப்பின் சிறிது சிறிதாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் பொறுத்துப் பார்த்து, மேற்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையில், மேற்கோட்டை அண்டியவாறு நிறுத்துக. கராஜில் மாற்றுவித்தாலும், பாஸ் கையைத் துடைக்குமுன், "எஞ்சினை ஓடவிட்டு ஒருமுறை காட்டுங்கள், ஐயா" என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை. மறுநாட் காலை வடிகால் ஆணியின் கீழ் நிலத்தில் கறை உண்டா என்று பார்த்து, குச்சியையும் ஒருமுறை இட்டுப் பார்த்தால் வேலை முடிந்தது.