கூடமும் கோணலாக இருக்கலாம்!

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவன்

ஆறாம் வகுப்பில் ஆசிரியர், "உன் அப்பா என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்டார். "கேடி, சார்" என்றேன். வகுப்பே சிரித்தது. காவல் நிலையத்துப் பதிவேட்டில் இடம்பெறும் கேடி வேறு; கோல்ப் மைதானத்தில் ஆடுபவரின் பையைச் சுமந்துகொண்டு நடக்கும் கேடி வேறு என்று விளக்க அன்று எனக்கு நா எழவில்லை. இன்று விளக்குவேன். அந்தப் பைக்குள் இருக்கும் 'டிரைவர்' பேருந்து ஓட்டுபவர் அல்லர், பந்தை நெடுந்தொலைவு அடிக்கப் பயன்படும் மிக நீளமான மட்டை என்பதையும் சேர்த்தே சொல்வேன். அந்த மட்டையைப் பற்றியதே இக்கட்டுரை.

"மாடி வீட்டார் ஆட்டத்தைப் பற்றி அரசுக் கல்லூரி மாணவனுக்கு என்ன கவலை?" என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பை சுமப்பவர்களும் ஆடுகிறார்கள் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? என் தந்தை வேலை பார்க்கும் மைதானத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அன்று காலை கேடிகள் ஆடிக்கொள்ளலாம். உறுப்பினர்கள் கழித்துப் போட்டவையே அவர்களுடைய மட்டைகள்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் உறுப்பினர் புது டிரைவர் வாங்கியதும் பழையதை என் தந்தைக்குக் கொடுத்தார். கொடுத்தவர் நல்லவர், மட்டையும் நல்ல மட்டைதான். ஆனால் அவர் ஆறடி உயரம். என் தந்தை ஐந்தடி இரண்டு அங்குலம். மட்டையின் நீளமோ 46 அங்குலம். தண்டின்மேல் 'எக்ஸ்' என்று ஓர் எழுத்து இருந்தது. அதன் பொருள் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. திங்கள்தோறும் அப்பா அதை வீசுவார். பந்து நேராகக் கிளம்பும். பிறகு வலப்புறம் வளைந்து மரங்களுக்குள் போய் மறையும். "நம்ம கை சரியில்ல தம்பி" என்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழியைத் தமக்குத்தாமே சொல்லிச் சிரித்துக்கொள்வார். எந்த உறுப்பினர் எந்த மட்டையால் எத்தனை கெஜம் அடிப்பார் என்பது அவருக்கு மனப்பாடம். இப்படிப் பிறர் ஆட்டத்தை அளந்து சொல்லியே எங்களைப் படிக்க வைத்தவர் அவர். அவருடைய ஆட்டத்தை அளந்து பார்க்க மட்டும் யாரும் இல்லை.

செய்முறை நோட்டுக்கும் தேர்வுக் கட்டணத்துக்குமாக ஞாயிறுதோறும் நானும் பை சுமக்கிறேன். கடந்த கோடையில் ஓர் உறுப்பினர் தம் உடலுக்கும் வீச்சுக்கும் ஏற்ப டிரைவரைப் பொருத்திக்கொள்ள ஒரு நிபுணரை வரவழைத்தார். பையைப் பிடித்தபடி இரண்டு மணி நேரம் அருகில் நின்றேன். பந்துக்குப் பின்னால் ஒரு சிறு ராடார் கருவி வைக்கப்பட்டது. வகுப்பில் படித்த டாப்ளர் விளைவுதான் அங்கே வேலை செய்தது. பந்தின் வேகம், கிளம்பும் கோணம், சுழற்சி, விழும் தொலைவு எல்லாம் ஒவ்வோர் அடிக்கும் திரையில் வந்தன. நிபுணர் அவரிடம் "இப்படி ஆடுங்கள், அப்படி ஆடுங்கள்" என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. மட்டையின் தலையை மாற்றினார், தண்டை மாற்றினார், நீளத்தை அரை அங்குலம் குறைத்தார். அதே மனிதர், அதே கைகள்; ஆனால் பந்து முன்னைவிடத் தொலைவாகவும் நேராகவும் போயிற்று. நான் திகைத்து நின்றேன்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. டிரைவரின் முகம் பந்தைத் தொடும் நேரம் ஒரு வினாடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கே. அந்தக் கணத்தில் முகம் எந்தத் திசையைப் பார்க்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது, பந்து முகத்தின் எந்த இடத்தில் படுகிறது என்பவை பந்தின் விதியை முடிவு செய்துவிடுகின்றன. காற்றில்லா வெளியில் எறிபொருள் மிகத் தொலைவு செல்ல 45 டிகிரி கோணம் வேண்டும் என்று படித்திருக்கிறோம். கோல்ப் பந்துக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. அது பின்னோக்கிச் சுழன்றுகொண்டே போவதால் காற்றே அதைத் தூக்கிப் பிடிக்கிறது. எடின்பரோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் கத்ரி டெய்ட் 1890களிலேயே இதை ஆராய்ந்து எழுதினார். அவர் மகன் பிரெடி டெய்ட் 1896-லும் 1898-லும் பிரிட்டனின் அமெச்சூர் பட்டத்தை வென்ற வீரர். ஆகவே டிரைவர் முகத்தின் சாய்வு பெரும்பாலும் 8 முதல் 12 டிகிரிக்குள் அமைகிறது. வேகமாக வீசுபவருக்குச் சாய்வு குறைவாக இருக்கலாம். மெதுவாக வீசுபவருக்குக் கூடுதல் சாய்வு வேண்டும். தண்டின் எழுத்துகளுக்கும் பொருள் உண்டு. 'ஆர்' நடுத்தரமாக வளைவது, 'எஸ்' கடினமானது, 'எக்ஸ்' மிகக் கடினமானது. ஒரு கம்பெனியின் 'ஆர்' இன்னொரு கம்பெனியின் 'எஸ்' போலவும் இருக்கலாம். எனவே எழுத்தை நம்பாமல் அடித்துப் பார்த்தே தேர வேண்டும்.

அடுத்த திங்கட்கிழமை எங்கள் ஆராய்ச்சி தொடங்கியது. எங்களிடம் ராடார் இல்லை, சாக்பீஸ் இருந்தது. முகத்தில் அதைத் தேய்த்து அப்பாவை இருபது பந்துகள் அடிக்கச் சொன்னேன். பந்து பட்ட தடங்களில் பெரும்பாலானவை நடுவில் இல்லை. தண்டை ஒட்டிய ஓரத்தில் இருந்தன. அந்த ஓரத்தில் பட்டால் வேகம் குறையும். வலக்கை ஆட்டக்காரரின் பந்து வலப்புறம் வளையும். முதலில் பிடியை ஓர் அங்குலம் இறக்கிப் பிடிக்கச் சொன்னேன். தடங்கள் நடுவை நோக்கி நகர்ந்தன. பிறகுதான் தண்டின் மேல்முனையை ஓர் அங்குலம் வெட்டிப் பிடியுறையை மறுபடி மாட்டினோம். மட்டை குட்டையானால் வீசும்போது தலை லேசாகத் தோன்றும். அதைச் சரிக்கட்ட, டயர் கடையில் சக்கரங்களுக்கு ஒட்டுவார்களே, அந்த எடைத் துண்டில் 5 கிராம் வாங்கி, அடிப்பக்கம் தண்டை ஒட்டினாற்போல் பதித்தோம். முகம் திறந்துகொள்வதை அது சற்றே தடுக்கும்.

கடைசியாகப் பார்த்ததுதான் என் மனத்தைச் சுட்டது. தலையும் தண்டும் சேருமிடத்தில் ஒரு சிறு திருகு இருந்தது. அதைக் கழற்றித் தண்டைத் திருப்பிப் பூட்டினால் முகத்தின் சாய்வை மாற்றலாம். 2008 முதல் கோல்ப் விதிகளே இதற்கு இடம் தருகின்றன. எட்டு ஆண்டுகளாக அந்தத் திருகு அங்கேயே இருந்தது. அது திருப்புவதற்கு உரியது என்று என் தந்தைக்கு யாருமே சொல்லவில்லை! மைதானத்துக் கடையில் திருகுசாவி இரவல் வாங்கிச் சாய்வை 9 டிகிரியிலிருந்து பத்தரைக்கு ஏற்றினோம். சாய்வை இப்படி ஏற்றும்போது முகமும் சற்றே உட்புறம் திரும்பும். வலப்புறம் போகும் பந்துக்கு அதுவும் ஒரு மருந்து.

அற்புதம் நிகழ்ந்துவிடவில்லை. 'எக்ஸ்' தண்டை மாற்ற எங்களிடம் பணம் இல்லை. ஆயினும் முன்பு பத்துப் பந்துகளில் ஏழு மரத்துக்குள் போகும்; அன்று மூன்றே போயின. அப்பா மட்டையைத் தரையில் ஊன்றி வெகுநேரம் நின்றார். "இத்தன வருஷம் என் கையத்தாண்டா திட்டிக்கிட்டிருந்தேன்" என்றார்.

"அலி ஷேர் பொருத்திப் பார்த்தா ஜெயித்தார்?" என்று ஒரு மூத்த கேடி என்னை மடக்கினார். டெல்லி கோல்ப் மைதானத்தில் பை சுமந்து வளர்ந்த அலி ஷேர் 1991-இல் இந்தியன் ஓப்பனை வென்றவர். கல்கத்தா ராயல் மைதானத்துப் புல்வெளிக் காப்பாளரின் மகன் சௌராசியா 2008-இல் டெல்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றவர். அந்த மாமணிகளை நான் வணங்குகிறேன். ஆனால் வென்றவர் பெயர்தான் நமக்குத் தெரியும். பொருந்தாத மட்டையோடு போராடி, "நமக்கு வராது" என்று ஒதுங்கிப் போனவர் எத்தனை பேர்? அவர்கள் பெயரை எந்தப் பட்டியலில் தேடுவது?

எனவே என் கருத்து இதுதான். மட்டையை ஆளுக்கேற்பப் பொருத்துவது பணக்காரரின் ஆடம்பரம் என்பது தவறு. தேர்ந்த ஆட்டக்காரர் பொருந்தாத மட்டையையும் ஓரளவு சமாளிப்பார். புதிதாகக் கற்பவரோ அதற்கேற்பத் தம் வீச்சையே கோணலாக்கிக்கொள்வார். ஆகவே பொருத்தம் முதலில் வேண்டியது எளியவருக்கே. பழைய மட்டைகளைத் தானம் செய்யும் மைதானங்கள், அவற்றோடு ஒரு மணி நேர அளவையும் தானம் செய்யட்டும். நிபுணரும் கருவியும் வரும் நாளில் கேடிகளுக்கும் பத்துப் பந்துகள் ஒதுக்கினால் யாருக்கும் நட்டமில்லை. அதே சமயம், புது டிரைவர் வாங்கினாலே ஐம்பது கெஜம் கூடும் என்னும் விளம்பரங்களையும் நான் நம்பச் சொல்லவில்லை. முதலில் அளக்க வேண்டும். பிறகே வாங்க வேண்டும். அளந்து பார்த்தால் சில வேளை கூடம் நேராகத்தான் இருக்கும். குறை நம் ஆட்டத்தில்தான் என்று தெரியும். அதையும் ஏற்றுப் பயிற்சி செய்ய வேண்டியதே.

என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அண்ணன் சட்டை, இரவல் புத்தகம், புரியாத ஆங்கிலம் எல்லாம் பிறர் அளவில் வந்தவையே. முதற் பருவத் தேர்வில் இரண்டு தாள்களில் தோற்றபோது நானும், "நம்ம மூளை சரியில்லை" என்றுதான் சொல்லிக்கொண்டேன். என்னைப் போன்றவர்கள் இந்தக் கல்லூரியில் பலர் இருக்கிறீர்கள். நண்பர்களே! கோல்ப் விதிப்படி ஆட்டம் தொடங்கியபின் திருகைத் தொடக் கூடாது. தொடங்குமுன் எத்தனை முறையும் திருப்பிப் பார்க்கலாம். நமக்கு ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை. கையைத் திட்டுமுன் ஒரு சாக்பீஸை எடுங்கள். தடம் எங்கே விழுகிறது என்று பாருங்கள்!