தோல் உறை என்னும் எதிரி

அப்பா ஆசையாகக் கொடுத்த பழைய 50 எம்.எம். லென்ஸ். தோல் உறையில் போட்டு பீரோவில் 'பத்திரமாக' வைத்திருந்தேன். சென்னை மழைக்காலம் முடிந்து எடுத்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை! கடைக்காரர் பிரித்துத் துடைத்தார். தடம் போகவில்லை. கண்ணாடி மேல் இருக்கும் பூச்சையே அரித்துவிட்டதாம்.

என்னைக் கேட்டால் முதல் குற்றவாளி அந்த உறைதான். ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, பூஞ்சைக்குச் சோறும் போடுகிறது. தூக்கிப் போடுங்கள் மக்களே. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி போதும். 40-50 சதவீதத்தில் நிற்கட்டும். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் மிதமான சூட்டில் காயவைத்து மறுபடி போடலாம். (அரிசிக்குள் புதைக்கச் சொன்ன நண்பா, அந்தத் தூசியை நீயா துடைப்பாய்?)

பயன்படுத்தினால் தேய்மானம் என்று பி.காம். வகுப்பில் படித்தேன். இது பயன்படுத்தாமலே போனது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.