ஒரே குணம், இரு பெயர்கள்

தோட்டத்துரை கணக்கேட்டை மறுமுறை சரிபார்க்கச் சொன்னால், "பொறுப்பானவர்" என்கிறோம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு பெண், "ஐயா, இன்னொரு முறை நிறுத்துப் பாருங்கள்" என்றால், "வம்புக்காரி" என்கிறோம். கணக்கில் பிசகு கூடாது என்பதே இருவர் கருத்தும். குணம் ஒன்றாயிருக்க, பெயர் மட்டும் ஏன் இரண்டாயிற்று?

நம் இல்லங்களிலும் இதுவே வழக்கம். பேசாதிருக்கும் மகன் ஆழ்ந்த சிந்தனையாளன். பேசாதிருக்கும் மருமகள் அகங்காரி. சிக்கனமாய் வாழும் நம் தந்தை முன்யோசனைக்காரர். அவ்வாறே வாழும் அண்டை வீட்டார் கஞ்சர்!

சாலமன் ஆஷ் என்னும் உளநூல் அறிஞர் 1946-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டார். அறிவு, உழைப்பு என்று தொடங்கிப் பிடிவாதம், பொறாமை என்று முடியும் ஆறு குணங்களை ஒரு குழுவினருக்கு வாசித்தார். மற்றொரு குழுவினருக்கு அவற்றையே தலைகீழாக வாசித்தார். முன்னவர்கள், சில குறைகளுள்ள திறமைசாலி ஒருவரைக் கற்பனை செய்தனர். பின்னவர்களோ, குறைகளால் திறமை முடங்கிய ஒருவரைக் கண்டனர். முதலில் காதில் விழுந்த சொல்லே பிற சொற்களுக்கெல்லாம் நிறம் பூசிவிட்டது.

இதற்குச் சான்று தேடி நீலகிரியைவிட்டு அப்பால் செல்ல வேண்டியதில்லை. 1964 அக்டோபரில் இலங்கையுடன் ஏற்பட்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அவ்வாறு தாயகம் திரும்பியோரில் பலர் குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் குடியமர்ந்தனர். அவர்களுக்கு வேலையளிக்கவென 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள், 1976-இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயின. அங்கே "இந்தியத் தமிழர்" எனப்பட்டவர்கள், இங்கே "சிலோன்காரர்" ஆயினர். ஆளை அறியுமுன் பெயர் வந்து சேர்ந்துவிட்டது. அதன்பின், உரிமையை வாய்திறந்து கேட்பது நம்மவரிடம் துணிவு, அவர்களிடம் துடுக்கு. உறவினரோடு கூடியிருப்பது நம்மவரிடம் ஒற்றுமை, அவர்களிடம் ஒதுங்கல்.

இது வெறும் சொல் விளையாட்டன்று. வீட்டை வாடகைக்குக் கொடுக்கலாமா, கடையில் கடன் தரலாமா, பெண் எடுக்கலாமா என்பனவற்றை எல்லாம் இத்தகைய ஒற்றைச் சொல் தீர்த்துவிடுகிறது.

பொன் மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இருக்கையும், கந்தை உடுத்திய ஏழைக்கு நிற்க இடமும் காட்டுவோரைப் புனித யாகப்பர் தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கடிந்துரைக்கிறார். நற்பெயரைப் பங்கிடுவதிலும் நாம் அத்தகைய ஓரவஞ்சனை செய்யலாகாது.

குற்றத்தைக் குற்றமென்று சொல்லவே கூடாது என்பதல்ல. துடுக்கு துடுக்கேயானால், நம் பிள்ளையிடம் கண்டாலும் அப்படியே சொல்வோம். பிறரைப் பற்றி ஒரு சொல் நாவில் எழும்போது, "இதையே என் உடன்பிறந்தார் செய்திருந்தால் என்ன பெயர் சொல்லியிருப்பேன்?" என்று கேட்டுக்கொள்வோம். அப்பெயரையே அவருக்கும் வழங்குவோம்.